பழைய தொற்றும் புதிய இல்லறமும்

இல்லறம் தொடங்கவிருக்கும் ஒருவருக்கு முன்பு பாப்பிலோமா வைரஸ் தொற்று இருந்ததாகக் கொள்வோம். 'அது இன்னும் என் உடலில் உறைகின்றதோ? என்னை நம்பி வருபவருக்கும் தந்துவிடுவேனோ?' என்ற அச்சம் அவரை வாட்டும். நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞருக்கும், சென்னையில் பயிலும் மாணவிக்கும் இவ்வச்சம் ஒன்றே. அறிவியல் கூறும் விடை யாது?

இவ்வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பால்வழிப் பரவும் வகைகள் தோலோடு தோல் உரசுவதால் தொற்றுகின்றன. பாலுறவு கொண்டோரில் பெரும்பாலோரை அவை வாழ்நாளில் ஒருமுறையேனும் தீண்டுகின்றன. ஆகவே இத்தொற்று ஒழுக்கத்தை அளக்கும் கோல் அன்று. பத்தில் ஒன்பது தொற்றுகள் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அடங்கிவிடுகின்றன. அவ்வாறு அடங்கிய பின் அது பிறருக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் சிலரிடம் அது உறங்கிக் கிடந்து மீண்டும் விழிப்பதுண்டு. ஆதலின் 'அறவே பரவாது' என்று உறுதி கூற இயலாது. ஆணுறை ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது.

இவ்வுறக்கத்தினின்று மற்றோர் உண்மையும் விளங்கும். இன்று சோதனையில் தென்படும் வைரஸ் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று கூற முடியாது. வாழ்க்கைத் துணையை ஐயுறுவதற்கு அது சான்றாகாது.

அஞ்சத்தக்கது அடங்காது நிலைத்துவிடும் தொற்றே. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இவ்வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காடு 16, 18 ஆகிய இரு வகைகளால் விளைவது. ஆனால் தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அவ்விடைக்காலமே நம் வாய்ப்பு. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர் நடத்தினர். சோதனை நடவாத ஊர்களைவிட அவ்வூர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

தடுப்பூசி வருமுன் காப்பது. 9 முதல் 14 வயதிற்குள் இடுவது சாலச் சிறந்தது. முன்னரே வந்த தொற்றை அது நீக்காது. எனினும் இன்னும் தீண்டாத வகைகளினின்று காக்கும்.

ஆகவே, பழைய தொற்றுக்கு அஞ்சி மணவாழ்வைத் துறக்க வேண்டுவதில்லை. துணைவரிடம் உள்ளதை உள்ளவாறு உரைத்தலும், மருத்துவரை நாடுதலும், பெண்கள் 30 வயது முதல் உரிய காலங்களில் சோதித்துக்கொள்ளுதலுமே கடன். நாணத்தால் விளையும் மௌனமே இந்நோய்க்கு உற்ற துணை. அதை நீக்குவது கற்றோர் பொறுப்பாகும்.