தண்ணீரைப் பார்த்துச் செடி வாங்குங்கள்

மீன்தொட்டிக்குச் செடி வாங்கப் போகிறவர்கள் இலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கடைத்தொட்டியில் விசிறி விசிறியாக இலை விரித்து நிற்கும் கபோம்பாவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அந்த இலைகள் ஊசி ஊசியாக உதிர்ந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். மொட்டைத் தண்டுதான் மிஞ்சும். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு விளக்கு மாட்டுவார்கள், சத்து இல்லை என்று ஒரு பாட்டில் உரம் ஊற்றுவார்கள். அதன்பிறகு தழைப்பது கண்ணாடியில் படரும் பாசி மட்டுமே. பெரும்பாலான வீடுகளில் தவறு வளர்ப்பில் இல்லை, வாங்கும்போதே நேர்ந்துவிடுகிறது. நம் குழாயில் வருவது எந்தத் தண்ணீரோ, அதில் பிழைக்கத் தெரிந்த செடியைத் தேர்ந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

செடி வளரக் கரியமில வாயு வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டியிருக்கும் வாயு தீர்ந்துவிட்டால் அடுத்தது வந்துசேர நேரமாகும். அந்த நிலையில் விளக்கைக் கூட்டுவது செடியின் தேவையைக் கூட்டுமே தவிர, வரத்தைக் கூட்டாது; மிச்சமாகும் வெளிச்சம் பாசிக்குப் போகிறது. ஆனால் சோப்பு நுரைக்காத, பாத்திரத்தில் வெள்ளை படிகிற போர் தண்ணீரில் வழக்கமாக இன்னொரு கரிச் சேமிப்பு இருக்கும்: பைகார்பனேட். வாலிஸ்நேரியா, நம் ஏரி குளங்களில் தானே முளைக்கும் வேலம்பாசி, வேரே இல்லாத ஹார்ன்வோர்ட் ஆகியவை வாயு குறையும்போது இந்தப் பைகார்பனேட்டிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும் செடியின் முதிர்ந்த இலையை விரல்களுக்கிடையில் தேய்த்தால் சில சமயம் நறநறவென்று இருக்கும். அழுக்கு என்று கழுவுவார்கள். அது இலைமேல் படிந்த சுண்ணாம்பு, செடி வேலை செய்திருப்பதற்கான சாட்சி. கபோம்பாவுக்கு இந்த வித்தை வராது. அது மென்னீர்ச் செடி. அதற்காகத் தொட்டியை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புவதும் சரியாகாது. உப்போடு சேர்ந்து பைகார்பனேட்டும் செடிக்கு வேண்டிய தாதுக்களும் போய்விடும்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் சுமார் 54 லிட்டர் கொள்ளும் தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாவையும் சேர்த்து வைத்தார். மோட்டார், பம்பு எதுவும் கிடையாது. அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கத் தொடங்கியதும் நத்தைகளை விட்டார், தொட்டி தெளிந்து நிலைத்தது. அதைப் பற்றிய அவருடைய கட்டுரை வீட்டு மீன்தொட்டியின் வரலாற்றில் முக்கியமான ஆவணம். செடி தரும் பிராணவாயுவைத்தான் அன்று பெரிதாகப் பேசினார்கள். மீனின் செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியாவைச் செடி உறிஞ்சிக்கொள்வது அதற்குச் சற்றும் குறைந்த உதவியல்ல. நீர்ச்செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி எடுக்கின்றன என்பதை டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். சூடான, காரத்தன்மை கூடிய நீரில் அம்மோனியாவின் நச்சு அதிகம். நம் ஊர்த் தொட்டிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதாம். ‘பிளாஸ்டிக் செடி வைத்தால் போதாதா’ என்பவர்களுக்கு இதுவே பதில்.

ஜப்பானியர் தகாஷி அமானோ பெயர்பெறச் செய்த தொட்டிகளில் புல்வெளியும் மலைச்சரிவும் நீருக்கடியில் விரிகின்றனவே, வேலம்பாசியில் அந்த அழகு வருமா என்று கேட்கலாம். வராது. அங்கே சிலிண்டரிலிருந்து கரியமில வாயு செலுத்துகிறார்கள், வாராவாரம் கத்தரிக்கிறார்கள். அது தோட்டக்கலை, செலவுக்கும் நேரத்துக்கும் ஒப்புக்கொண்டவர்கள் தாராளமாகச் செய்யலாம். அதில் விளக்கை மட்டும் வாங்கி வந்து மற்றதை விட்டுவிடுவதில்தான் சிக்கல். அழகும் வேண்டும், சிலிண்டரும் வேண்டாம் என்றால் ஆப்பிரிக்க அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இருக்கின்றன. மெதுவாக வளர்வதால் தேவையும் குறைவு. இவற்றின் தடித்த கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினால் போதும், வேர் தானே பற்றிக்கொள்ளும். வாலிஸ்நேரியாவை நடும்போதும் இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மணலுக்கு மேலே இருக்க வேண்டும்.

நல்ல செடியாகப் பார்த்து வாங்கியும் இலை கரைகிறதே என்ற குறையும் உண்டு. பல பண்ணைகளில் இச்செடிகளை நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அங்கே விட்ட இலை நீருக்குள் நிலைக்காது. கிரிப்டோகோரைன் இதில் பேர்போனது. மொத்த இலையும் கூழாகி விழும். வேர் வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் பிடுங்கி எறியாமல் அழுகிய இலையை மட்டும் கிள்ளிவிட்டுக் காத்திருங்கள், குருத்து வரும். விளக்கு ஆரம்பத்தில் ஆறு மணி நேரம் எரிந்தால் போதும்.

இரவில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் என்பது மெய்தான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5தான். ஆகவே கோடையில், மீன் நெருக்கமான தொட்டியில், விளக்கை அணைத்ததும் காற்றுப் பம்பைப் போட்டுவிடுவது நல்லது. செடியே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

வேகமாக வளரும் செடிகள்மேல் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் வேறு. 1950களில் இலங்கையிலிருந்து தொட்டிச் செடியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போன வேலம்பாசி, அங்கிருந்த கால்வாய்களிலும் ஏரிகளிலும் புகுந்து இன்றுவரை பெருந்தொல்லையாக இருக்கிறது. ஒரு கணுத்துண்டு போதும், புதுச்செடி கிளம்பிவிடும். கபோம்பா நமக்கு அந்நியச் செடி. கேரள நீர்நிலைகளில் அதன் செந்நிற வகையொன்று பரவிக் கிடக்கிறது. எனவே கத்தரித்த தண்டுகளைச் சாக்கடையிலோ ஏரியிலோ போடாமல், மொட்டைமாடி வெயிலில் மொறமொறவென்று காயவிட்டுப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள்.