கோளத் தாங்கி

மனிதனின் தோளில் பந்துக் கிண்ண மூட்டு உள்ளது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தோள் எலும்பின் குழியில் பொருந்தியிருப்பதால், கையைப் பல திசைகளிலும் அசைக்க முடிகிறது. இயந்திரங்களிலும் இத்தகைய மூட்டு உண்டு. அதுவே கோளத் தாங்கி. தொழிற்கூடங்களில் தாங்கியைப் ‘பேரிங்’ என்பர். ஹைட்ராலிக் உருளைகள் பலவற்றின் முனைகளில் இதனைக் காணலாம்.

இத்தாங்கியில் குண்டுகள் இல்லை. வெளிப்புறம் கோளமாக வளைந்த உள்வளையமும், அதற்கேற்ப உட்புறம் குழிந்த வெளிவளையமுமே உள்ளன. அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைகின்றன. ஆதலால் தண்டு சற்றே சாய்ந்தாலும் தாங்கி இடங்கொடுக்கும், பெருஞ்சுமையையும் தாங்கும். ஆயினும் பொருத்தும்போது நேரும் பிழையை அது பொறுக்காது.

முதலாவது, தூய்மை. பொருத்தும் வேளை வரும்வரை தாங்கியை அதன் உறையிலிருந்து பிரித்தலாகாது. தண்டையும், தாங்கி அமரும் துளையையும் துடைத்து, பிசிறு நீக்கி, அளவு சரிபார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, விசை செல்லும் வழி. துளையினுள் இறுக்கமாகப் பொருத்தும்போது வெளிவளையத்தையும், தண்டின்மேல் இறுக்கமாகப் பொருத்தும்போது உள்வளையத்தையும் அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால், விசை வழுக்கும் பரப்புகளின் ஊடே சென்று அவற்றில் வடு உண்டாக்கும். வளையத்தைச் சுத்தியலால் நேரே அடித்தல் கூடவே கூடாது. வளையத்தின் முகப்பில் சீராகப் படியும் குழலை வைத்து, அழுத்துப்பொறியால் மெல்ல அழுத்துவதே முறை.

மூன்றாவது, பிளவின் திசை. உள்வளையத்தை உட்செலுத்துவதற்காகப் பல தாங்கிகளின் வெளிவளையம் ஓரிடத்தில் பிளக்கப்பட்டிருக்கும். அப்பிளவு, சுமை விழும் திசைக்கு 90 பாகையில் அமைய வேண்டும். சுமை பிளவின்மேலேயே விழுந்தால் தாங்கி விரைவில் தேயும்.

நான்காவது, வெப்பம். பெரிய தாங்கியை அளவாகச் சூடாக்கினால் அது விரிந்து தண்டில் எளிதாக ஏறும். 100 மி.மீ. துளையுடைய எஃகு வளையம் 60 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அத்துளை ஏறத்தாழ 0.07 மி.மீ. விரியும். இது ஒரு தலைமயிரின் தடிமனளவே. எனினும் பணிக்குப் போதுமானது. தீச்சுடரை நேரே காட்டினால் வெப்பம் ஓரிடத்தில் மிகுந்து எஃகின் கடினத்தன்மை குறையும். ஆகவே அது தவறு.

இறுதியாக, எஃகும் எஃகும் உரசும் வகைக்குக் கிரீஸ் இடுதல் இன்றியமையாதது. கிரீஸ் செல்லும் துளைகள் அடைபடாமல் நேர்பட அமைந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

பொருத்துபவர் செய்த பிழை அன்றே வெளிப்படாது. வடுப்பட்ட பரப்பு நாள்தோறும் தேய்ந்து, மூட்டுத் தளர்ந்த பின்னரே தெரியவரும். அப்போது அவ்வியந்திரத்தை இயக்குபவரும் அருகில் நிற்பவரும் வேறொருவராக இருப்பர். அவர்களுடைய பாதுகாப்பு, முன்பின் அறியாத ஒரு தொழிலாளியின் பொறுமையைச் சார்ந்துள்ளது.

வினாக்கள்

1. கோளத் தாங்கி தோள் மூட்டுடன் எவ்வாறு ஒத்துள்ளது?
2. தண்டின்மேல் இறுக்கமாகப் பொருத்தும்போது வெளிவளையத்தை அழுத்தினால் நேர்வது யாது?
3. ‘பிழை அன்றே வெளிப்படாது’ – இக்கூற்றை விளக்கி ஐந்து வரிகள் எழுதுக.