சாயம் பற்றும் பாசிக் கரி

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றிற் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. உழவரின் பாசனநீர் பாழாயிற்று. 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூடப் பணித்தது.

இத்தகைய நீரின் நிறத்தை நீக்கக் கடற்பாசியும் உதவுமென ஆய்வாளர் கண்டுள்ளனர். உலர்ந்த பாசியைக் காற்றுப் புகாது சுட்டுக் கரியாக்கி, நீராவி பாய்ச்சி மேலும் சூடேற்றினால், எண்ணற்ற நுண்டுளைகள் தோன்றுகின்றன. நன்கு உயிர்ப்பூட்டிய கரி ஒரு கிராமின் உட்பரப்பு 500 சதுர மீற்றருக்கும் மேலாம்! சாய மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்ள, நீர் தெளிகின்றது. நம் நாட்டுச் சிரட்டைக் கரியின் தொழிலும் இதுவே.

எனினும், தெளிந்த நீரெல்லாம் நன்னீரென நாம் எண்ணிவிடலாகாது. சாயமேற்றுகையிற் சேர்க்கும் உப்பு கரியிற் பிடிபடாது. நொய்யற்கரை நிலங்களைக் கெடுத்ததில் அவ்வுப்பின் பங்கு பெரிது. சாயமுண்ட கரியை எங்கே கொட்டுவது என்பதும் வேறொரு கேள்வி.