சாலவாக்கத்திலிருந்து ஏற்காடு: இரண்டு நாள் பயணத்தில் விவசாயி பார்க்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து, நெல் களத்தை விட்டு வீடு வந்து சேர்ந்தபின், நவரை நடவு தொடங்கும் வரை சாலவாக்கம் சுற்று வட்டார விவசாயிகளுக்குச் சில நாட்கள் ஓய்வு கிடைக்கும். குடும்பத்தோடு மலைப்பக்கம் சென்று வர ஏற்ற காலம் இது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இரண்டு நாட்கள் போதாது. ஏலகிரி அருகில் உள்ளது. ஆனால் பயிர் பார்க்க விரும்பும் விவசாயிக்குச் சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடே பொருத்தமானது.

மேல்மருவத்தூர் வந்து, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் செல்லலாம். இரவு பஸ்ஸைத் தவிர்த்துப் பகலில் போவதே நன்று. கள்ளக்குறிச்சி தாண்டியதும் இருபுறமும் மரவள்ளி வயல்களைக் காணலாம். ஆத்தூர், சேலம் பகுதியில் இக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகள் நிறைய உண்டு. மானாவாரியிலும் கிடைத்த நீரிலும் ஒரு மாவட்டமே ஒரு கிழங்கை நம்பித் தொழில் வளர்த்திருப்பதை நெல்லும் கரும்பும் கடலையும் மட்டுமே அறிந்தவர்கள் ஜன்னல் வழியாகவாவது பார்க்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தில் முட்புதர், பிறகு மூங்கில், அதற்கும் மேலே சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும் என்று ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வகைத் தாவரங்கள் மாறி வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனால்தான் சாலவாக்கத்தில் 40 டிகிரி அடிக்கும் நாளில் அங்கே 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. தை மாத இரவில் 13 டிகிரிக்குக் கீழும் இறங்கும். கம்பளி கட்டாயம் தேவை.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் அமைத்து அதைக் கல்வெட்டிலும் வெட்டி வைத்த உத்திரமேரூர்க்காரர்களுக்கு அந்தச் சிறிய ஏரியில் படகு விடுவது பெரிய அதிசயமாகத் தோன்றாது. ஆனால் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி அவர்கள் அறிந்துகொள்வது நல்லது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து வந்த வேளாண் மக்கள் என்றும், உடன்பிறந்தவர்கள் பிரிந்து சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளில் தங்கிவிட்டனர் என்றும் அவர்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு வந்த மக்கள் இவர்கள்.

காப்பி இம்மலைக்கு வந்தது 1820-களில். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கொண்டுவந்து நட்டார். இங்குள்ளது பெரும்பாலும் அராபிகா வகை. தை மாதத்தில் சென்றால் கடைசிப் பறிப்பைக் காணலாம். கொத்தில் சிவந்த பழங்களை மட்டும் பறித்து, காய்களை அடுத்த சுற்றுக்கு விடுவர். பறித்த அன்றே இயந்திரத்தில் தோல் நீக்கி, ஒரு நாளுக்கு மேல் ஊற வைத்து, கழுவிக் காய வைக்கிறார்கள். சுமார் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தமான கொட்டைதான் தேறும். ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி வரும் வரை நாள்தோறும் பலமுறை கிளறுவர். மாலையில் பனி இறங்கும் முன் மூடி வைப்பர். தார் ரோட்டில் நெல்லைக் கொட்டிவிட்டு, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மூட்டை திரும்பும்போது வருந்துவோர் இந்தக் காய வைக்கும் களத்தில் அரை மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது செடியின் அடியில் உள்ள தரை. ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. காஞ்சிபுரம் பகுதியில் சுமார் 1,200. வித்தியாசம் எண்ணுவதைப் போல் அதிகமில்லை. மலையில் இரு பருவத்திலும் மழை பரவிப் பெய்கிறது. சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அப்படியிருந்தும் கோடையில் மலை மண் காயாமல் இருப்பதற்கு நிழலும் சருகு மூடாக்கும் காரணம். சருகைக் கையால் விலக்கிப் பார்த்தால் கீழே மண் கறுத்து, ஈரமாக, மண்புழுவோடு இருக்கும். சரிவில் கல் அடுக்கி, குறுக்கே குழி வெட்டி நீரை நிறுத்தியிருப்பதையும் காணலாம். நிழல் குளிர்ச்சிக்கு மட்டுமல்ல. காப்பித் தண்டைத் துளைக்கும் வண்டு வெயில் படும் செடிகளையே மிகுதியாகத் தாக்கும். அதனால்தான் நிழல் மரத்தை அளவாகக் கழிக்கிறார்களே தவிர அகற்றுவதில்லை.

இந்த முறை சாலவாக்கத்துக்கும் ஒத்து வரும். வைக்கோல் மாட்டுக்கு வேண்டும். அதைத் தொட வேண்டாம். கொளுத்தப்படும் கரும்புத் தோகை, கடலைத் தோல், தென்னை மட்டை ஆகியவற்றைத் தென்னை, மாப் பாத்திகளில் நான்கு அங்குலக் கனத்தில் பரப்பலாம். செம்மண் பாங்கான இடங்களில் கரையான் தொல்லை உண்டு. ஆகவே அடிமரத்திலிருந்து ஒரு அடி விலக்கிப் போட வேண்டும்.

நாற்று வாங்குவோர் கவனத்துக்கு

மலைக்குச் சென்று வருவோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் இறங்குவதில்லை. காப்பி, பேரி, ஆரஞ்சு, வெண்ணெய்ப் பழம் என்று பை நிறைய நாற்றுகள் வாங்கி வருகின்றனர். பணம் வீணாவது ஒருபுறம். பேரி பூப்பதற்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் நேரம் தேவை. சமவெளியில் அது கிடைக்காது. மரம் இலையோடு நிற்கும், காய்க்காது. காப்பிச் செடி சித்திரை வெயிலில் கருகிவிடும்.

ஆரஞ்சு நாற்றில் உள்ள ஆபத்து வேறு. தமிழ்நாட்டு மலைகளில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்ததற்குக் கிரீனிங் என்னும் நோயும் ஒரு காரணம். இது ஒட்டுக் குச்சி மூலமும், சைலிட் என்னும் சிறு பூச்சி மூலமும் பரவும். நோய் கண்ட நாற்று ஒன்று வீட்டுக் கொல்லையில் ஊன்றப்பட்டால் பக்கத்து வயலில் உள்ள எலுமிச்சைக்கும் அது தொற்றலாம். இதற்கு மருந்தடித்துக் குணம் காண முடியாது. ஆகவே எலுமிச்சை வைத்திருப்போர், மலையிலிருந்து எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த எந்த நாற்றையும் கொண்டு வரக் கூடாது. பலா வாங்கலாம், அது சமவெளியிலும் செழிக்கும். மிளகுக்கொடி ஆசை உள்ளவர்கள், நல்ல நீரும் அடர்ந்த நிழலும் உள்ள தென்னந்தோப்பில் நான்கைந்து கொடிகள் வைத்துப் பார்க்கலாம். புதுக்கோட்டைச் சமவெளியில் மிளகு எடுத்தவர்கள் உண்டு. திறந்த வெளியில் வைக்க வேண்டாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டில் உள்ளது. முன்கூட்டிக் கேட்டுச் சென்றால் பயிர்களைப் பார்த்துச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளலாம். தனியார் எஸ்டேட்டுகளில் அனுமதியின்றி நுழையக் கூடாது. குழந்தைகளுக்கு, 1963-இல் அமைந்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியைக் காட்டலாம்.

எப்போது கிளம்புவது?

நாற்றங்கால் விட்ட முதல் பத்து நாட்கள் நீர் வைப்பதிலும் வடிப்பதிலும் கவனம் வேண்டும். அப்போது ஊரை விட்டு அகலக் கூடாது. நாற்று பதினைந்து நாள் வயதாகி, நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செல்லலாம். சினை மாடு ஈனும் நாள் நெருங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவதே நலம். பங்காளிகள் இரண்டு வீட்டார் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் செல்லும்போது மற்றவர் கறவையைக் கவனித்துக்கொள்ளலாம். வேளாண்மைத் துறை நடத்தும் கண்டுணர் சுற்றுலாக்களில் பெரும்பாலும் ஆண்களே வண்டி ஏறுகின்றனர். நெல் காய வைப்பதும் கடலைத் தோலைக் கூட்டிக் குவிப்பதும் பெண்கள்தாம். குடும்பமாகச் செல்வதால் அவர்களும் களத்தையும் மூடாக்கையும் நேரில் பார்க்க முடியும்.

தை மாதத்தில் மிளகும் பறிப்புக்கு வரும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். வழியோரக் கடையில் வாங்குவோர் ஒரு பிடி மிளகைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். முற்றிய மிளகு அமிழும். சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும்.