முடிந்த வீடியோவைக் காட்சித்துண்டுகளாகப் பிரித்தல்

உங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் வீடியோ, தொகுத்து முடிக்கப்பட்ட ஒரே கோப்பாக மட்டும் உள்ளது எனக் கொள்க. மூலப் பதிவுகள் அழிந்துவிட்டன. அதிலிருந்து அஞ்சலோட்டத்தை எடுத்து மீளத் தொகுக்க வேண்டுமாயின், முதலில் அதனைக் காட்சித்துண்டுகளாகப் பிரித்தல் வேண்டும். கமெரா இடைவிடாது பதிந்த ஒரு பகுதியே காட்சித்துண்டு (ஷொட்) எனப்படும்.

வெட்டுகள் எங்கே உள்ளன என்ற குறிப்பு இத்தகைய கோப்பில் பொதுவாக இருப்பதில்லை. எனவே கணினி படங்களை ஒப்பிட்டே அவற்றைக் கண்டறிகின்றது.

செயன்முறை

1. அடுத்தடுத்த இரு சட்டகங்களை எடுத்தல்.
2. ஒத்த இடங்களிலுள்ள படமூலங்களின் பிரகாச வித்தியாசங்களின் இடையைக் கணித்தல் (0 – 255).
3. இடையானது எல்லைப் பெறுமானத்திலும் கூடியதாயின், அவ்விடத்தை வெட்டு எனக் குறித்தல்.
4. இறுதிச் சட்டகம் வரை இதனை மீளச் செய்தல்.

செக்கனுக்கு 25 சட்டகங்கள் கொண்ட 10 நிமிட வீடியோவில் 25 × 60 × 10 = 15 000 சட்டகங்கள் உண்டு. ஒப்பீடுகளோ 14 999 ஆகும். இதனை மறவாதீர்கள்.

உதாரணம்: முதல் 6 சட்டகங்களுக்கிடையிலான வித்தியாசங்கள் முறையே 3, 5, 74, 4, 6 ஆகும். எல்லைப் பெறுமானம் 30 எனின், வெட்டு 3 ஆம், 4 ஆம் சட்டகங்களுக்கு இடையில் உள்ளது. புதிய காட்சித்துண்டு 4 ஆம் சட்டகத்தில் தொடங்கும்.

எல்லைப் பெறுமானத்தைத் தெரிதல்

எல்லை மிகக் குறைவாயின், பிளாஷ் ஒளியும் கமெராவின் விரைவான திருப்பமும் வெட்டுகளாகத் தவறாகக் குறிக்கப்படும். மிகக் கூடவாயின், ஒத்த பிரகாசமுள்ள இரு காட்சிகளுக்கு இடையிலான உண்மையான வெட்டு தவறிவிடும்.

ஒரு காட்சி மெல்லக் கரைந்து மற்றொன்றாக மாறும்போது ஒவ்வொரு வித்தியாசமும் சிறிதாகவே இருக்கும். இதற்கெனச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 1993 இல் இரு எல்லைகளைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். சிறிய எல்லையைத் தாண்டும் சட்டகம் மாற்றத்தின் தொடக்கமாகக் கருதப்படும். பின்வரும் சட்டகங்கள் அதனுடன் ஒப்பிடப்படும். சேர்ந்துவரும் வித்தியாசம் பெரிய எல்லையைத் தாண்டினால் அது படிப்படியான மாற்றமாகும்.

பைசீன்டிடெக்ட், டாவின்சி ரிசால்வ் ஆகிய மென்பொருள்களில் இவ்வாறு தானாகப் பிரிக்கும் வசதி உண்டு. எனினும் எந்த எல்லையும் எல்லா வீடியோவுக்கும் பொருந்தாது. ஆகவே பிரித்த துண்டுகளை நீங்களே பார்த்துச் சரிபார்த்தல் அவசியமாகும்.

பயிற்சி வினா: மேலுள்ள உதாரணத்தில் எல்லை 5 ஆயின் எத்தனை வெட்டுகள் குறிக்கப்படும்?

விடை: 2 (74, 6). இவற்றுள் பின்னையது பொய் வெட்டு. 5 ஆனது எல்லையிலும் கூடியதன்று.