நொறுங்கிய கார் சொல்லும் பாடம்

விழிஞ்ஞம்: 2025 மே 2-ந் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பின் இந்தக் கடலோர ஊரின் பெயர் எங்கும் தெரிந்துவிட்டது. பக்கத்திலேயே முக்கோலை வழியாகக் காரோடு நோக்கிப் போகிறது 66-வது தேசிய நெடுஞ்சாலை. மார்த்தாண்டம், நாகர்கோவில் தமிழர்கள் வந்து போகும் வழிகளில் இதுவும் ஒன்று. சாலை அகலமானால் வேகம் கூடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும்.

விபத்து நடந்ததும் "தப்பு யாருடையது?" என்றுதான் கேட்கிறோம். ஆராய்ச்சியாளர்களோ, "காரின் எந்தப் பாகம் உடம்பில் எங்கே இடித்தது?" என்று கேட்கிறார்கள்.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்கரான ஹியூ டிஹேவன். 1917-ல் விமானப் பயிற்சியின்போது நடந்த மோதலில் உயிர் தப்பிய அவர், தம் வயிற்றுக் காயத்துக்கு இடுப்பு பெல்ட்டின் கொக்கியே காரணம் என்று கண்டார். 1942-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறகு கார் விபத்துக்களும் ஆராயப்பட்டன. கதவு திறந்து வெளியே எறியப்படுவோருக்கு ஆபத்து மிக அதிகம் என்பது தெரிந்து, கதவுப் பூட்டுகள் பலப்படுத்தப்பட்டன. 1959-ல் வால்வோ என்ஜினீயர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை உருவாக்கினார்.

நம் நாட்டில் இவ்வேலை கோவையில் 2011-ல் 'ரஸ்ஸி' என்ற பெயரில் தொடங்கியது. விபத்து நடந்த இடத்துக்கே சென்று டயர் தடத்தையும், கார் நசுங்கிய ஆழத்தையும் அளக்கிறார்கள். காயங்களின் விவரத்தோடு ஒப்பிடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் 1976-ல் தொடங்கிய 'நாட்பாக்' நிலையமும் சாலை விபத்துக்களை ஆராய்கிறது. மோதல் சோதனை நடத்திக் கார்களுக்கு நட்சத்திர மதிப்பு வழங்கும் 'பாரத் என்கேப்' திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது.

இவற்றால் டாக்டர்களுக்கும் பயனுண்டு. வயிற்றின் குறுக்கே பெல்ட்டின் தடம் இருந்தால், வெளியே ரத்தம் தெரியாவிட்டாலும் உள்ளே குடல் காயம்பட்டிருக்கலாம். ஸ்டியரிங்கில் நெஞ்சு இடித்திருந்தால் நுரையீரலையும் இருதயத்தையும் சோதிக்க வேண்டும்.

ஆகவே, அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர்கள் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். எந்த சீட்டில் இருந்தார்? பெல்ட் போட்டிருந்தாரா? வெளியே எறியப்பட்டாரா? காரின் எந்தப் பக்கம் நசுங்கியது? இதைச் சொல்லப் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

எத்தனையோ பேர் பட்ட காயத்திலிருந்து கிடைத்தது அந்த பெல்ட். பின் சீட்டில் உட்காருகிறவர்களும் அதை மாட்டிக்கொள்வது நல்லது, சட்டமும் அதுவே.