கண்மாயில் விடக்கூடாத ஆமை

சென்ற ஐப்பசியில், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு காலை. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய பட்டாசுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். உள்ளே, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஓர் ஆமைக்குஞ்சு. சூலக்கரைக்கு வெளியே சீமைக்கருவேலம் புதரோரம் அவன் அப்பா கண்டெடுத்தது.

"ஆமை புகுந்த வீடு வெளங்காதுன்னு அப்பத்தா திட்டுது டீச்சர். கண்மாயில போட்டுட்டு வரச் சொல்லுச்சு. எனக்கு மனசு வரல. பள்ளிக்கூடத்துல வச்சு வளப்போமா?"

ஆமை என்றால் தண்ணீர்தானே என்று நானும் ஒரு வாளியில் நீர் பிடித்துவரச் சொன்னேன். குஞ்சை உள்ளே விட்டதும் அது கால்களை உதறித் தத்தளித்தது. உடனே தூக்கிவிட்டோம். இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் மூழ்கிச் செத்திருக்கும். கண்மாயில் போட்டிருந்தாலும் அதே கதிதான். நான் செய்த இந்தத் தவறை வேறு ஆசிரியர் எவரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு சொல், மூன்று வாழ்க்கை

தமிழில் 'ஆமை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைக்கிறோம். ஆனால் வாழிடத்தைப் பொறுத்து ஆமைகள் மூன்று வகைப்படும். கால்களைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். கடலாமைக்குத் துடுப்பு போன்ற கால்கள். குளத்து ஆமைக்கு விரலிடைச் சவ்வு உண்டு. நில ஆமைக்கோ யானைக்கால் போன்ற தூண் கால்கள். சவ்வு கிடையாது, நீந்தத் தெரியாது.

எங்களிடம் வந்தது நட்சத்திர ஆமை. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களிலும் புதர்க்காடுகளிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது. கரும்பழுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விண்மீன் போல விரிந்திருக்கும். குஞ்சுகளுக்குக் கதிர்கள் குறைவு. வளர வளரக் கூடும். மழைக்காலத்தில்தான் இவை அதிகம் நடமாடும்.

பள்ளியில் வளர்க்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் உள்ளது. பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. 2019இல் பன்னாட்டு வணிகமும் முற்றிலும் தடை செய்யப்பட்டது.

இத்தனை கடுமை ஏன்? ஆந்திரம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளிலிருந்து நட்சத்திர ஆமைகள் மூட்டை மூட்டையாகக் கடத்தப்படுகின்றன. ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் சிக்கும் ஆமைகளைப் பற்றி நாமும் செய்தித்தாளில் படிக்கிறோம்.

அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு நமக்கு வழியும் காட்டுகிறது. இத்தகைய உயிர் நம் கைக்கு எப்படி வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய வன அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். நான் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வனத்துறைக்குத் தொலைபேசியில் பேசினேன். "நாளைக் காலை வருகிறோம், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்" என்றார்கள். பையனின் அம்மாவோ கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, பட்டாசு ஆலை வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு ஓடிவந்தார். ஒப்படைக்கத்தான் போகிறோம், நாமே முன்வந்து சொல்லிவிட்டோம் என்று விளக்கிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

ஓர் இரவுக்கான வீடு

முதலில் பட்டாசுப் பெட்டியை மாற்றினோம். அதில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கலாம். அகலமான, தாழ்வான மரப்பெட்டி அல்லது பெரிய அட்டைப்பெட்டி போதும். கண்ணாடித் தொட்டியும் மூடிய டப்பாவும் வேண்டாம்; வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மண். ஒரு மூலையில் மட்டும் லேசான ஈரம். உடைந்த மண்சட்டியைப் பாதி புதைத்துக் கவிழ்த்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். ஒளிய இடமில்லாத குஞ்சு மிரண்டு, தின்னாமலே கிடக்கும்.

காலை இளவெயில் அதற்குத் தேவை. வெயில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி உருவாகி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். ஆனால் ஆமைக்கு வியர்க்காது. நம் ஊர் உச்சி வெயிலில் நிழலின்றிப் பெட்டியை வைத்தால் சிறிது நேரத்தில் செத்துவிடும். ஆகவே பெட்டியில் பாதி எப்போதும் நிழலாக இருக்க வேண்டும். பூனை, நாய், காகம் எட்டாதபடி மேலே கம்பிவலை போடுங்கள். எறும்பையும் கவனியுங்கள்.

தண்ணீருக்கு ஆழமில்லாத மண்தட்டு போதும். நீர் அதன் தாடைக்குக் கீழே நிற்க வேண்டும்.

உணவு எளிது: அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முருங்கைக்கீரை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. சோறு, பால், ரொட்டி, இட்லி கூடவே கூடாது. நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு ஏற்ற வயிறு அது. ஊட்டமாக வளரட்டும் என்று தவறான தீனி கொடுத்துச் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் கிடைக்காமல் வளர்க்கும் ஆமைகளுக்கு ஓடு மென்மையாகி உருக்குலைந்துவிடும்; பிறகு சரிசெய்வது கடினம். மூக்கில் நீர் வடிந்தாலோ கண்ணைத் திறக்காமல் கிடந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கை கழுவுதல்

பார்ப்பதற்கு நலமாக உள்ள ஆமையின் குடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். இதனாலேயே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை 1975இல் தடை செய்யப்பட்டது. தொட்டவர் அனைவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சத்துணவுக் கூடத்தின் பக்கம் பெட்டியைக் கொண்டுபோகக் கூடாது.

நாமே விட்டுவிட்டால் என்ன?

"எடுத்த இடத்திலேயே விட்டுடலாமே?" என்று சக ஆசிரியர் கேட்டார். எடுத்த இடம் உறுதியாகத் தெரிந்து, அப்போதே விட்டிருந்தால் சரி. கைமாறிய ஆமை நோயைக் கொண்டுபோகலாம். வெவ்வேறு பகுதி நட்சத்திர ஆமைகளுக்கு மரபணு வேறுபாடும் உண்டு. இடம் மாற்றி விட்டால் அது கலந்துபோகும். முடிவை வனத்துறையிடம் விடுவதே நல்லது.

மாணவர் வீடுகளில் வேறொன்றையும் காணலாம்: கடையில் வாங்கிய, கண்ணருகே சிவப்புக் கோடுள்ள பச்சை ஆமை. இது அமெரிக்க நன்னீர் ஆமை. இதற்கு நீந்தத் தண்ணீரும் ஏறி வெயில் காயத் திட்டும் தேவை. வளர்ந்து பெரிதானதும் சலித்துப்போய்ப் பலர் குளத்தில் விடுகிறார்கள். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. நம் கண்மாய் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இதையும் கண்மாயில் விடக் கூடாது.

வகுப்பறையில்

அன்று பிற்பகல் பாடம் தானாக அமைந்தது. தொடாமல் பார்த்து, என்ன தின்றது, எப்போது நடந்தது, எப்போது ஒளிந்தது என்று குழுவாக எழுதினார்கள். அடக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆமையை ஏன் உவமையாக்கினார் என்று கேட்டேன். ஒரு மாணவி நான்கு கால், ஒரு தலை என்று எண்ணி, "ஐந்து டீச்சர்!" என்று கத்தினாள். அந்தக் குறளை நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை வனத்துறையினர் வந்தனர். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. எங்கே கிடைத்தது என்று அவனிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பெட்டியை அவனே தூக்கிக் கொடுத்தான். வண்டி போன பிறகு கேட்டான்:

"டீச்சர், அதுக்கு என்னைய ஞாபகம் இருக்குமா?"

"தெரியலப்பா" என்றேன். "ஆனா நீ கண்மாயில போடல. அதனால அது இப்ப உயிரோட இருக்கு."

சற்று நேரம் நின்றுவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனான்.